வீடு பார்க்கும் முன் பள்ளியைப் பாருங்கள்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்து இளம் தம்பதியர் இருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றனர். கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். மனைவி நாற்றுமேடையில் வேலை செய்கிறார். இடையில் அவர்களுடைய ஆறு வயது மகள், தகப்பனின் விரலைப் பிடித்தபடி நின்றாள்.

"சார், ஒரு யோசனை கேக்கணும். பாசிர் கூடாங் பக்கம் ஒரு பெக்டரியில வேலை கிடைச்சிருக்கு. மூணு தாமான்ல வீடு பாத்து வெச்சிருக்கோம். எந்த வீட்ட எடுக்கிறதுன்னு தெரியல" என்றார் அந்தத் தம்பி.

மூன்று வீடுகளின் வாடகையையும் சொன்னார். எத்தனை அறை, கடைத்தெரு எவ்வளவு தூரம், வேலைக்குப் போக எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பா எந்தப் பள்ளிக்குப் போகப் போகிறாள் தம்பி?" என்று கேட்டேன். கணவன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். "வீடு கிடைச்சதும் பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துல சேத்துரலாம் சார்" என்றார்.

இந்த மாதம் உங்களோடு பேச எனக்குப் பொருள் கிடைத்தது அந்த மறுமொழியில்தான்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். நம் பாட்டன் காலத்திலிருந்தே நாம் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் அல்லர். லயம் எங்கே இருந்ததோ அங்கேயே பள்ளியும் இருந்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி ஏற்படுத்த வேண்டும் என்று சொன்னது. ஜொகூர்த் தோட்டங்களிலும் அந்த வழக்கமே நிலைத்தது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, அதில் ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். பல தோட்டங்களில் கிராணியே வாத்தியாராகவும் இருந்தார். நல்ல பள்ளியா, கெட்ட பள்ளியா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இருந்தது ஒன்றுதான்.

இன்று நிலைமை தலைகீழ். நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்று கணக்குச் சொல்கிறது. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்தன. சில பள்ளிகள் மூடப்பட்டன. சில பள்ளிகள் உரிமத்தோடு வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தன. ஜொகூர் பாரு வட்டாரத்தைச் சுற்றிப் பாருங்கள்: லாடாங் ரினி தமிழ்ப்பள்ளி, லாடாங் மவுண்ட் ஆஸ்டின் தமிழ்ப்பள்ளி என்று பெயர்ப்பலகையில் இன்னும் 'லாடாங்' இருக்கிறது. சுற்றிலும் பார்த்தால் வீடமைப்புப் பகுதியும் கடைவீடுகளும்தான். தோட்டம் போன பிறகும் அதன் பெயர் பள்ளியில் தங்கியிருக்கிறது.

ஆக, லயத்துக்குள் இருந்த பள்ளி இப்போது எங்கோ இருக்கிறது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வீட்டை முடிவு செய்துவிட்டுப் பள்ளியைத் தேடுவதா, பள்ளியை முடிவு செய்துவிட்டு வீட்டைத் தேடுவதா என்பதே இன்றைய கேள்வி.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் தோட்டம் விற்பனையானது. அப்பா பால்மரம் வெட்டியவர். கையில் கிடைத்த சொற்பத் தொகையோடு பட்டணத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வாடகை மலிவு, அது ஒன்றைத்தான் பார்த்தார். குடிபோன பிறகுதான் தெரிந்தது, தமிழ்ப்பள்ளி நாலு கட்டை தூரம் என்று. காலையில் அந்த வழியாகப் பேருந்து கிடையாது. பள்ளி வண்டிக்குக் கட்டப் பணம் இல்லை. 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று சொல்லிச் சொல்லி ஏழு மாதம் நான் வீட்டிலேயே இருந்தேன். தம்பியைப் பார்த்துக்கொண்டேன், பக்கத்துக் கடையில் போத்தல் கழுவினேன். கடைசியில் அம்மா தன் காதுத் தோட்டை அடகு வைத்து வண்டிக் கூலியைக் கட்டினார். வகுப்புக்குத் திரும்பியபோது பெருக்கல் வாய்பாட்டில் மற்றவர்கள் பன்னிரண்டில் இருந்தார்கள். நான் நான்கில் நின்றேன்.

அந்த ஏழு மாதத்தை எட்டிப் பிடிக்க எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. என் அப்பா அன்பில்லாதவர் அல்லர். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆகவே நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. எங்கள் தோட்டத்தில் பிறந்து தாதியான ஒரு பெண் இப்போது ஸ்காட்லாந்தில் வேலை செய்கிறார். விடுமுறைக்கு வந்தபோது, "சார், அங்கேயும் வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது பள்ளியைத்தான்" என்றார். அங்கே ஒவ்வொரு வீட்டு முகவரியும் ஏதாவது ஒரு ஆரம்பப்பள்ளியின் எல்லைக்குள் அடங்கும். அந்த எல்லைக்குள் குடியிருந்தால் பொதுவாக அந்தப் பள்ளியில் இடம். வேறு பள்ளிதான் வேண்டும் என்று பெற்றோர் கேட்கும் உரிமையை 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொடுத்தது. ஆனாலும் இடம் இருந்தால்தான் கிடைக்கும். அதனால் பேர்பெற்ற பள்ளியின் எல்லைக்குள் வீட்டு விலையும் கூடிவிடுகிறதாம். பணக்கார நாட்டிலும் பள்ளிக்காக வீடு மாறுகிறார்கள் பாருங்கள்.

அவர் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் என் மனத்தில் நின்றுவிட்டன. ஒன்று, அங்கேயும் மலையோரங்களிலும் தீவுகளிலும் சின்னஞ்சிறு பள்ளிகள் உண்டு. இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஓர் ஆசிரியரிடம் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டு வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நாட்டுப்புறப் பள்ளியை மூட வேண்டுமென்றால், 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் ஊராரிடம் கலந்து பேச வேண்டும். இரண்டு, அழிந்துவிடும் என்று பலர் கைவிட்ட கேலிக் மொழியில் ஆரம்பப்பள்ளி வகுப்புகளை 1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸிலும் தொடங்கினார்கள். 2006இல் கிளாஸ்கோ நகரில் அம்மொழிக்கென்றே முழுப் பள்ளி வந்துவிட்டது. பெற்றோர் தேடிப் போனதால்தான் அது வளர்ந்தது.

தேடிப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று அங்கே தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளி இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஜொகூர் பாருவில் ஜாலான் யஹ்யா அவால், ஸ்கூடாயில் தாமான் துன் அமினா, அப்புறம் மாசாய், பாசிர் கூடாங், குளுவாங்கில் ஜாலான் ஹாஜி மனான் என்று பட்டணத்துப் பள்ளிகளும் உண்டு. செம்பனைக்குள் ஒளிந்திருக்கும் தோட்டப் பள்ளிகளும் உண்டு. இவற்றில் எதற்கு அருகில் குடியேறுவது என்று பார்க்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தூரம். இதை வரைபடத்தில் பார்க்காதீர்கள். ஒரு பள்ளி நாளில் காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை நடந்து பாருங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். நடுவில் பெரிய சாலை இருக்கிறதா? லாரி போகிறதா? கடக்க மேம்பாலம் உண்டா? கைப்பேசி ஒரு கிலோமீட்டர் என்று காட்டும். அந்த ஒரு கிலோமீட்டரில் ஒரு நெடுஞ்சாலை குறுக்கே ஓடினால் அது பத்துக் கிலோமீட்டருக்குச் சமம்.

இரண்டாவது, வண்டிக் கூலி. வாடகையையும் வண்டிக் கூலியையும் சேர்த்துத்தான் வீட்டின் உண்மையான வாடகை. அந்தத் தம்பியின் கணக்கையே சொல்கிறேன். அவருக்குப் பிடித்த வீட்டின் வாடகை 550 ரிங்கிட். பள்ளி வண்டிக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 130. மற்றொரு வீடு 750 ரிங்கிட். பள்ளிக்குப் பத்து நிமிட நடை. ஒரு பிள்ளை படிக்கும்வரை முதல் வீடு 680 ஆகிறது. 70 ரிங்கிட் மிச்சம். சின்னவனும் பள்ளிக்குப் போகத் தொடங்கினால் அதே வீடு 810 ஆகிவிடும். அப்போது இரண்டாவது வீடே 60 ரிங்கிட் மலிவு. இதைப் போட்டுக் காட்டியதும் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கணக்குப் பாடம் வகுப்பறைக்கு மட்டும் உரியது அல்லவே!

மூன்றாவது, இடம். பட்டணத்துப் பள்ளி பெரியதாக இருக்கும். ஆனால் இடம் நெருக்கமாக இருக்கும். வகுப்பில் எத்தனை பேர், பள்ளி காலை ஒரு வேளையா அல்லது மாலை வகுப்பும் உண்டா என்று கேளுங்கள். மாலை வகுப்பானால் பிள்ளை ஏழு மணி வாக்கில்தான் வீடு திரும்பும். பாலர் வகுப்பு உண்டா என்றும் கேளுங்கள். பல தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்பு உண்டு, இடம்தான் குறைவு.

நான்காவது, பாடம். முன்பெல்லாம் 'அந்தப் பள்ளியில் எத்தனை பேருக்கு எல்லாம் ஏ?' என்று கேட்போம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அந்தப் பழைய அளவுகோல் நம் கையில் இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. இப்போது வகுப்பறையிலேயே ஆசிரியர் பிள்ளையை ஒன்று முதல் ஆறு வரையிலான தேர்ச்சி நிலைகளில் மதிப்பிடுகிறார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "முதலாம் ஆண்டு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளை இருந்தால் இங்கே என்ன செய்வீர்கள்?" இதற்குத் தலைமையாசிரியர் உடனே பதில் சொன்னால் அது நல்ல பள்ளி. யோசித்துச் சொன்னாலும் பரவாயில்லை. 'அப்படிப் பிள்ளைகளே இங்கில்லை' என்றால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இதோடு மலாய்மொழியை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, மலாயில் போதிய தேர்ச்சி இல்லாத பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டி வருகிறது. அந்த ஓராண்டில் மனம் சோர்ந்து பள்ளியை விட்டு நின்றவர்களை நாம் எல்லாத் தோட்டத்திலும் பார்த்திருக்கிறோம். தமிழ் நன்றாகப் படித்த பிள்ளைக்கு மலாயும் வரும். ஆனால் யாராவது அக்கறையோடு சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, பள்ளி முடிந்த பிறகு யார்? ஜொகூர்க்காரர்களுக்கே உரிய கேள்வி இது. சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பாலத்தில் நிற்கிறார்கள். திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. கணவனும் மனைவியும் இருவருமே அப்படிப் போனால், காலையில் பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புவது யார்? மதியம் கதவைத் திறந்துவிடுவது யார்? தாத்தா பாட்டி உடன் இருந்தால் அது பெரிய பாக்கியம். இல்லையென்றால், நம்பிக்கையான அண்டை வீட்டார் உள்ள தாமானாகப் பாருங்கள். நல்ல பள்ளியையும் வெறும் வீட்டையும் சேர்த்துப் போட்டால் பிள்ளை வெறும் வீட்டைத்தான் படிக்கும்.

ஆறாவது, பத்திரங்கள். முதலாம் ஆண்டுப் பதிவு இப்போது கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாக, பிள்ளை பள்ளி தொடங்கும் ஆண்டுக்கு முன்பே நடந்துவிடுகிறது. பிறப்புப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, முகவரிக்குச் சான்றாக மின்சார அல்லது தண்ணீர் பில் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இணையம் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம். பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், உதவி செய்வார்கள். ஏற்கெனவே ஓரிடத்தில் பதிந்துவிட்டு வீடு மாறுகிறீர்கள் என்றால் பழைய பள்ளியிலும் புதிய பள்ளியிலும் சொல்லிவிட்டுத்தான் சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் ஆரம்பக்கல்வி கட்டாயம். பாடநூல் இலவசம். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைக்கு 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. இவற்றையெல்லாம் கேட்டு வாங்குங்கள். இது பிச்சையல்ல, உரிமை.

இத்தனையும் சொல்லிவிட்டேன். இனி மனத்தில் உறுத்துவதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தம்பதியர் என்னிடம் வந்தபோது எங்கள் பள்ளியில் மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள். அவர்கள் மகள் வந்தால் இருபது. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை 150 பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள பள்ளிகள். எங்களுடையது அவற்றிலும் கடைக்குட்டி. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில் நடக்கின்றன. ஒரு பக்கம் நான் பின்னம் சொல்லிக் கொடுக்கும்போது மறுபக்கம் கையெழுத்துப் பயிற்சி. ஒரு பிள்ளை வராவிட்டால் வகுப்பே வெறிச்சோடிவிடும். பள்ளி நிற்கும் நிலமும் எங்களுடையது அன்று, தோட்டத்துக்குச் சொந்தமானது.

"இங்கேயே இரு தம்பி, பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய்யும் அல்ல. பத்தொன்பது பிள்ளைகளுக்கு நடுவே அவளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவள் எந்த எழுத்தில் தடுமாறுவாள், எந்த நாளில் சாப்பிடாமல் வருவாள் என்பது வரை தெரியும். முந்நூறு பேரில் ஒருத்தியாக இருப்பதைவிட அது சில பிள்ளைகளுக்கு நல்லது. சிறிய பள்ளி என்றாலே தரம் குறைந்த பள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த அம்மா கேட்டார்: "சார், உங்க புள்ளையா இருந்தா என்ன சார் செய்வீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் வாத்தியாராகப் பதில் சொல்ல முடியவில்லை. தகப்பனாகத்தான் சொன்னேன். "நிரந்தர வேலையும் பக்கத்தில் நல்ல பள்ளியும் சேர்ந்து கிடைத்தால் நான் போய்விடுவேன் அம்மா. இரண்டில் ஒன்று மட்டும் கிடைத்தால் இன்னும் ஓராண்டு பொறுப்பேன். ஆனால் எங்கே போனாலும் தமிழ்ப்பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில்தான் வீடு பார்ப்பேன்." சொல்லி முடித்தபோது தொண்டை கொஞ்சம் அடைத்துக்கொண்டது.

பிள்ளைகளைக் கணக்குக் காட்டுவதற்காகப் பெற்றோரைப் பிடித்து வைப்பது ஒரு பள்ளிக்கு அழகன்று. பள்ளி பிள்ளைக்காக, பிள்ளை பள்ளிக்காக அல்ல. ஆனாலும் தோட்டத்திலேயே தங்கப் போகும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கத்தில் இருக்கும் சிறிய பள்ளியை உள்ளே வந்து பார்க்காமலே, 'அங்கே என்ன இருக்கிறது' என்று தூரத்துப் பள்ளிக்கு வண்டி ஏற்றாதீர்கள். மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் எங்களிடமும் வந்து கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் போங்கள். கேட்காமல் மட்டும் போகாதீர்கள்.

அவர்கள் 750 ரிங்கிட் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் ஒரு விடுப்பு நாளில் மூவருமாகப் போய்ப் பள்ளிவரை நடந்து பார்த்தார்களாம். வழியில் ஒரே ஒரு சாலைதான் கடக்க வேண்டியிருந்ததாம். அங்கே விளக்கும் இருக்கிறதாம். புறப்படுகிற அன்று சிறுமி வந்து, தான் வரைந்த எங்கள் பள்ளிக்கூடத்துப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். கொடிக்கம்பம் கூரையைவிட உயரமாக இருந்தது. அலுவலக அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பெற்றோர்களே, வீட்டை மாற்றலாம், வேலையை மாற்றலாம். பிள்ளையின் ஏழு வயதை மட்டும் திரும்ப வாங்க முடியாது. அடுத்த முறை வீடு பார்க்கப் போகும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் பள்ளி எங்கே என்று கேளுங்கள்.